கல்லாகிப் போன வஞ்சிரம்

யூடியூப் பார்த்துச் சமையல் கற்றுக்கொள்கிறவனை மன்னித்துவிடலாம். யூடியூப் பார்த்துவிட்டுப் பெற்ற தாய்க்குச் சமையல் சொல்லித்தருகிறவனை அடுப்பங்கரைப் பக்கமே சேர்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பலனை இன்னொரு குடும்பம் அனுபவித்தது.

என் தங்கை செல்விக்குப் பாகூர்ப் பக்கத்திலிருந்து வரன் வந்திருந்தது. பெண் பார்த்துப் பிடித்தும் போய்விட்டது. செல்வி அந்தப் பையனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள் (எனக்குத் தெரியாது என்று நினைப்பு). மாப்பிள்ளை வீட்டார் வந்து கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி. பேச்சு முடியாத வீட்டில் காபி, பஜ்ஜியோடு சரி, சோறு சாப்பிட மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. பாதியில் எழுந்துவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

பையனின் அப்பா மீன் இல்லாமல் சோற்றைத் தொடாதவர் என்று தரகர் சொல்லியிருந்தார். அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையோ மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில் வந்து விழுந்தது.

"ஒரு நாட்டுக்கோழிய அடிச்சிக் கொழம்பு வெச்சாப் போதும்டா" என்றார் அம்மா.

"கோழி எல்லார் வூட்லயும் போடுவாங்கம்மா. தடைக்காலத்துல வஞ்சிரம் போட்டோம்னா ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க" என்றேன். (இது ஒன்று மட்டும் அப்படியே பலித்தது.)

நான் அப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் வீட்டில் என் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே ஒரு முழு வஞ்சிரத்தை வாங்கி வந்து, வயிற்றை மட்டும் சுத்தம் செய்து, குண்டானில் வளைத்துப் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசருக்குள் திணித்தேன். துண்டு போட அம்மா அரிவாள்மனையோடு வந்தார். நான் விடவில்லை. தண்ணீரோடு உறைந்த மீன் அன்று பிடித்தது போலவே இருக்கும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அந்த வீடியோ எடுத்தவர் ஊரில் கரண்ட் போகாது போலிருக்கிறது. எங்கள் காட்டேரிக்குப்பத்தில் மழைக்காற்று அடித்தாலே போகும். மீன் பாதி இளகி, மறுபடி உறைந்து, மறுபடி இளகி, அதுவும் எங்களைப் போலவே அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தது.

ஞாயிறு காலை குண்டானை இழுத்தேன். வரவில்லை. ஃப்ரீசர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியை விட்டு நெம்பினேன். குண்டான் வந்தது, கூடவே புஸ்ஸென்று ஒரு சத்தமும் வந்தது. ஃப்ரிட்ஜின் கேஸ் போய்விட்டது. மீன் மட்டும் அசையாமல், ஐஸுக்குள் பிறை வடிவத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது, கருங்கல்லாட்டம் இருக்குது? இத்த எப்படா வெட்டறது, எப்பக் கொழம்பு வெக்கறது?" என்றார் அம்மா.

வெந்நீரை ஊற்றினேன். ஐஸ் கரைந்தது, மேல் சதை வெந்து கூழானது, நடுவில் கத்தி இறங்கவில்லை. கடைசியில் கரும்பு வெட்டும் கொடுவாளால் போட்டேன். ஒரு துண்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. அதற்குள் வாசலில் கார் நின்றது. அம்மா அழுதுகொண்டே அத்தனையையும் கொதிக்கிற குழம்பில் போட்டார். கோழி பிடிக்கக்கூட நேரமில்லை. செல்வி கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

இலை போட்டோம். பெரியவருக்கு மரியாதையாகத் தலைத் துண்டை நானே வைத்தேன். அவர் விரல் பட்டதும் வெளிச்சதை மாவாய்க் கரைந்து சோற்றோடு கலந்தது. உள்ளே இருந்ததை எடுத்து வாயில் வைத்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. மீனில் வரக்கூடாத, ஐஸ் கடிபடுகிற சத்தம். அவர் மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்திலிருந்த அவர் மனைவியின் கை இலைக்கு மேலேயே நின்றுவிட்டது. தொலைந்தது, என் தங்கை வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

பெரியவர் தலையைத் தூக்கினார். கதவோரம் முகம் செத்து நின்ற செல்வியைப் பார்த்தார். பிறகு மென்று விழுங்கிவிட்டு, "கொழம்பு நல்லாருக்குதும்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். இலையில் ஒரு பருக்கை விடவில்லை. அவர் சாப்பிட்டதால் மற்றவர்களும் சாப்பிட வேண்டியதாயிற்று. இரண்டு நாள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

செல்விக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நன்றாக இருக்கிறாள். அவள் மாமனார்தான் அன்றோடு மீனை விட்டுவிட்டார். யார் கேட்டாலும், "வயசாயிடுச்சி, ஒத்துக்கல" என்கிறார். நான் போகும்போதெல்லாம் வீட்டாரிடம் சொல்லி எனக்காகத் துறைமுகத்திலிருந்து அன்றைய மீன் வாங்கி வர வைக்கிறார். எனக்கு வஞ்சிரக் குழம்பு, எதிரே அவருக்கு ரசம் சோறு. நான் முதல் வாய் வைக்கும்வரை அவர் கையைக் கழுவிக்கொண்டு காத்திருப்பார்.

"உள்ள வெந்துருக்குதா தம்பி?"

வீடே சிரிக்கும். "வெந்துருக்குது மாமா" என்று சொல்லிவிட்டு, இல்லாத முள்ளைத் தேடிக் குனிந்துகொள்வேன்.