அரைக்குடத்தாரின் ஒரு கெண்டிக் குளியல்

தாகம் என்று வந்தவனைப் பார்த்து "நெசமாவே தாகந்தானா?" என்று கேட்ட ஒரே மனிதர், இந்த இலங்கையிலேயே எங்கள் அரைக்குடத்தார்தான். மாத்தளை டவுனில் எங்கள் தெருப் பைப்பைத் திறந்து மூடுவது அவர் வேலை. சாவி எப்போதும் இடுப்பில். யார் குடம் வைத்தாலும் பாதி ஏறியதும் மூடிவிடுவார். கேட்டால், நிறைய தூக்கினால் இடுப்புப் பிடிக்கும் என்று வைத்தியம் சொல்வார்.

மழை இல்லாத வருஷம் அது. மலைமேல் தண்ணீர்த் தொட்டி அடி தட்டிவிட்டது. தண்ணீர்ச் செலவைக் குறைக்காத தெருவில் பைப்பைப் பிடுங்கிவிடுவோம் என்று தண்ணீர் ஆபீசிலிருந்து தமுக்கு அடித்தார்கள். பிடுங்கினால் ஆற்றுக்கு இறங்கி ஏற வேண்டும். என் அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வலி. அன்றோடு அரைக்குடத்தாருக்குத் தூக்கம் போனது, எங்களுக்குச் சோறு போனது.

வடிக்கிற சோற்றுக்குத் தண்ணீர் அதிகமாம்; ரொட்டி சுடச் சொன்னார். ரசத்துக்கு அடியோடு தடை. மத்தியானத்தில் வாசல் வாசலாக நின்று மோப்பம் பிடிப்பார். ஒருநாள் பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா மாட்டினாள். சளிக்குக் கசாயம் வைத்தேன் என்று சாதித்தாள்.

"கசாயத்துல எதுக்கு ஆத்தா பருப்பு மெதக்குது?" என்றார்.

பைப்படியில் குளித்த காக்காயைக்கூட அவர் விரட்டவில்லை. பாதிக் குளியலோடு நிறுத்திக்கொள் என்று நின்று புத்தி சொன்னார்.

இப்படியிருக்க, துணிக்கடை நானா தொழுகைக்குமுன் மூக்கு வைத்த ஒரு சின்னக் கெண்டித் தண்ணீரில் முகம், கை, கால் எல்லாம் கழுவுவதை அரைக்குடத்தார் பார்த்துவிட்டார். மனுஷனுக்குப் புல்லரித்துவிட்டது. முகம் கழுவினால் முழு உடம்பும் கழுவலாம்தானே? தெருவுக்கே குளித்துக் காட்டுகிறேன் என்று கெண்டியை இரவல் வாங்கிவிட்டார். அது கைகால் கழுவத்தான், குளிக்க இல்லை என்று நானா பின்னாலேயே ஓடிவந்தார். யார் கேட்டது?

பைப்படியில் கூட்டம். தலையிலிருந்து கால்வரை சோப்பைப் பூசிக்கொண்டு, கண்ணை மூடி, கெண்டியைக் கவிழ்த்தார். தண்ணீர் நெற்றியோடு தீர்ந்துவிட்டது.

"மாமா, இன்னொரு கெண்டி ஊத்தவா?" என்று கேட்டேன்.

"ஊத்தினா கையை ஒடிப்பேன். சட்டம் எனக்குந்தான்டா."

அந்த நேரம் பார்த்து, பைப்பைப் பிடுங்குவதா வேண்டாமா என்று பார்க்க ஓவர்சியர் வந்து நின்றார். சத்தம் கேட்டதும் அரைக்குடத்தார் விறைப்பாகச் சலாம் வைத்தார். கண்ணில் சோப்பு. சலாம் ஓர் ஆட்டுக்குப் போனது.

"எங்க தெருவுல ஒரு சொட்டு வீண் போறதில்லீங்க சார்" என்றார் ஆட்டிடம்.

ஓவர்சியர் சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. எந்தத் தெருவில் பிடுங்கினாலும் இங்கே பிடுங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அரைக்குடத்தார் காய்ந்த சோப்போடு சொறிந்துகொண்டே வீட்டுக்குப் போனார். காதுக்குப் பின்னால் வெள்ளை வெகுநாள் இருந்தது. அம்மா இன்றைக்கும் அந்தப் பைப்பில்தான் பிடிக்கிறாள்.

போன மாசம் காய்ச்சலில் அவர் போய்விட்டார். பெண்டாட்டி பிள்ளை இல்லை. கடைசியாகக் குளிப்பாட்டியது நான்தான். எல்லார் வீட்டிலும் பாதிக்குடம்தானே? இரண்டிரண்டு வீடாகச் சேர்த்து ஊற்றி, நிறைகுடமாக்கிக் கொண்டுவந்து நின்றார்கள்.

"காதுக்குப் பின்னாலயும் ஊத்து தம்பி" என்றாள் ராக்கம்மா அக்கா.

ஊற்றினேன். குடம் பாதியானதும் கை தானாக நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். போதும் என்று அவர் சொல்லவில்லை. மிச்சத்தையும் ஊற்றினேன்.