தொம் அண்ணனுக்கு டோன் வந்த கதை

புதுச்சேரியில் ரொட்டியைக் காதில் வைத்துக் கேட்டு வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தொம் அண்ணன்தான். பேக்கரியில் நீள ரொட்டியை எடுப்பார், காதோரம் பிடித்து விரலால் தட்டுவார், உதட்டைப் பிதுக்கித் திருப்பி வைப்பார். ஏழெட்டு ரொட்டி தட்டிய பிறகு ஏதோ ஒன்றில் முகம் மலரும். "இன்னாண்ணே, பழுத்துடுச்சா?" என்று கடைக்காரர் கேட்பார். அண்ணனுக்குக் கோபமே வராது.

ரொட்டி தின்பதற்கில்லை. எங்கள் கல்யாணக் கச்சேரிக் குழுவில் அவர் பேஸ் கிடார், நான் கீபோர்டு. நாலே நாலு தடிக் கம்பிகள், பாட்டுக்கு அடியில் 'தொம் தொம்' என்று போகும் வாத்தியம் அது. அண்ணனுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். பகலில் முதலியார்பேட்டையில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. மீதி நேரம் முழுக்க டோன், அதாவது தன் மனசுக்குப் பிடித்த சத்தம், தேடுவார். கம்பிகளுக்கு அடியில் மெத்தென்று எதையாவது செருகினால் சத்தம் உருண்டையாக வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஆரம்பித்தார். ரப்பர் செருப்பு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் கம்பளிக் குல்லா எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ரொட்டித் துண்டில் வந்து நின்றார்.

"அப்படி இன்னாதான் சத்தம் வேணும் உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். மறுநாளே என்னை வீராம்பட்டினம் கடற்கரைக்கு இழுத்துப் போனார். கரையில் கிடந்த படகின் மேல் ஏறி நின்று, ஈரமணலில் ஒரு தேங்காயைப் போட்டார்.

"கேட்டியா? இதான்டா. இது வரணும்."

வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "வேண்டுதலா சாமி?"

"இல்லபா, டோன்."

"ஒடம்புக்கு எதுனா முடியலையா?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் கடலைப் பார்த்தேன்.

தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா? கிடாருக்குள் இருக்கும் காந்தச் சுருளைப் பிரித்து, கடையில் இருந்த செம்புக் கம்பியால் தானே சுற்றினார். அதன் பிறகு தெருவில் யார் தண்ணி மோட்டார் போட்டாலும் அண்ணன் கிடார் உறுமியது. அந்தத் தெருவில் கிடாரைக் கேட்டுத்தான் கரண்ட் வந்ததைத் தெரிந்துகொண்டார்கள்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடியதுதான். தவளக்குப்பத்தில் நடந்ததுதான் வினையாகிவிட்டது. திறந்தவெளிப் பந்தல், வெயில் முழுதாக இறங்கவில்லை. ரொட்டி நமுத்துவிட்டது என்று அண்ணன் அதை ஸ்பீக்கர் மேல் காய வைத்திருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏற வரவேற்புப் பாட்டை ஆரம்பித்தோம். ஒரு காக்கை வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அண்ணன் கையை உயர்த்தி, "நிறுத்து, நிறுத்து!" என்று கத்திவிட்டுக் காக்கை பின்னால் ஓடினார். தோளில் கிடார், பின்னால் ஒயர், ஒயரின் முனையில் மைக் ஸ்டாண்டு. மாப்பிள்ளை ஒரு காலைப் படியில் வைத்தபடியே நின்றார்.

குழுவை நடத்தும் மாஸ்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். "இன்னொரு தபா டோன் கீன்னு பாட்டை நிறுத்தின, குழுவ வுட்டு அனுப்பிடுவேன். ஆமா."

அண்ணன் ஆடிப்போய்விட்டார். "என்ன அனுப்பிடுவாருன்றியாடா? வேற எவன்டா என்னச் சேத்துப்பான்?" என்று என்னிடம் நாலு முறை கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். வேறு எவனும் சேர்க்க மாட்டான்.

அடுத்த கச்சேரி ஒரு சொல்தா வீட்டுக் கல்யாண வரவேற்பு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சவுண்ட்காரன்கிட்ட சொல்லிட்டேன். உங்க அண்ணன் வாசிக்கட்டும், ஆனா அவுரு சத்தம் ஸ்பீக்கர்ல வராது. பேஸை நீ கீபோர்டுல எடக்கைல வாசிச்சிடு." எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே தலையை ஆட்டினேன்.

முதல் பாட்டு நல்லபடியாகப் போனது. இரண்டாவதில் அண்ணன் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. தெரிந்துவிட்டது, செத்தோம் என்று நினைத்தேன்.

"தம்பி, கேக்குதாடா? வந்துடுச்சிடா! தேங்காடா!"

வீட்டுக்காரரான சொல்தா மேடைக்கே வந்து, "த்ரே பியேன், முசே! ரொம்ப நல்லாயிருக்கு! நெஞ்சுலயே வந்து இடிக்குது!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாஸ்டர் முகத்தைத் துண்டால் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார். அதற்கு மேல் உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

அண்ணன் அன்றைக்கு இருந்தது இருந்தபடி கிடாருக்கு முத்திரை போட்டுவிட்டார். திருகுகளுக்கெல்லாம் டேப் ஒட்டினார். ரொட்டித் துண்டுக்குக் காயிலுக்குப் பூசும் வார்னிஷை மூன்று தடவை பூசினார். அதை இனி காக்கை என்ன, கரையான்கூடத் தொடாது. வீட்டில் வாசிக்கும்போது மட்டும் டோன் வரவில்லை. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "ஜனம் வேணும்டா. ஜனம் இல்லன்னா வராது."

இப்படியே இரண்டு வருஷமாக என் இடது கை அவருடையது. போன மாதம் எனக்குக் கடும் ஜுரம். நோணாங்குப்பம் கச்சேரிக்குப் போக முடியவில்லை. வேறு வழியில்லாமல் சவுண்ட்காரர் அண்ணனின் சத்தத்தையே ஸ்பீக்கரில் திறந்துவிட்டாராம்.

மறுநாள் காலையில் அண்ணன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து டோன் வரலடா."

"பாட்டை நிறுத்திட்டீங்களாண்ணே?"

"இல்லடா. கடைசி வரைக்கும் வாசிச்சேன். ஜனமெல்லாம் இருந்திச்சி, ஆனா வரல." என் போர்வையைச் சரிசெய்தார். "நீ பக்கத்துல நின்னாத்தான் வருது. இன்னா மாயமோ தெரில. அடுத்த வாரம் வந்துடுவ இல்ல?"

அடுத்த வாரமும் ஜுரம் முழுதாக விடவில்லை. போனேன். வலது கை நடுங்கி மெட்டைப் பாதி விட்டுவிட்டது. மாஸ்டர் முறைத்துக்கொண்டே இருந்தார். இடது கை மட்டும் ஒரு 'தொம்'கூட விடவில்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.