பெரட்டு அண்ணன் சாட்பாட்டுக்குப் பேர் போட்ட கதை

கணினியைப் பார்த்து, "ஏன்டா நேத்து வேலைக்கு வரல்ல?" என்று கேட்டு, அதனிடம் பதிலும் வாங்கிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் பெரட்டு அண்ணன்தான். இன்னொருவர் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

ஹட்டன் பஜாரில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி சேர், அண்ணன், நான், அவ்வளவுதான் ஆட்கள். காலையில் மடிக்கணினியைத் திறக்குமுன் அண்ணன் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்துத் தப்படிப்பார். பிறகு ராத்திரி வந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, வந்தவர்களுக்குச் சம்பளக் கணக்கில் பேர் போடுவதற்குப் பெரட்டு என்று பெயர். அதுவே அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

கீழேயிருந்து கடைக்கார நசீர் நானா கத்துவார்: "மேல என்னா தம்பி, தேரா இழுக்கிறீங்க? ஆணிப்பெட்டியெல்லாம் ஆடுது!"

"கொஞ்சம் பொறுங்க நானா, இன்னும் ரெண்டு பேரு வரல்ல!" என்பார் அண்ணன்.

நாங்கள் செய்தது ஒரு வேன் சாட்பாட். பொகவந்தலாவைக்கு மேலே, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் சில லயங்களில் போனில் பேச முடியாது. தண்ணீர்த் தாங்கிப் பக்கம் நின்றால் மெசேஜ் மட்டும் போகும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் மெசேஜ் போட்டால், சாட்பாட் ஒரு சாரதியைப் பிடித்து அனுப்ப வேண்டும். என் தங்கச்சி கலா அங்கேதான் இருந்தாள், நிறைமாசமாக. மற்றவர்களுக்கு அது சாட்பாட், எனக்கு உயிர்.

சனங்கள் அதை மனிசனாகவே நினைத்து, "தம்பி சாப்பிட்டீங்களா?" என்றுதான் தொடங்குவார்கள். அது "புரியவில்லை" என்று பதில் போட்டதைப் பார்த்து அண்ணனுக்கு வந்ததே கோபம்! "சாப்பிட்டியான்னு கேட்டா புரியலைங்குறதா? என்னா வளர்ப்பு இது?" அன்றைக்கே அதற்கு மரியாதை சொல்லிக் கொடுத்துவிட்டார்.

மழை பிடித்ததும் வந்தது வினை. வயிற்றுவலி என்று ஒரு பெரியம்மா ஒரே ஒரு மெசேஜ் போட்டார். இருந்த வேன் எல்லாம் அவர் லயத்து வாசலில் வரிசையாகப் போய் நின்றன. "ஐயோ, எனக்கு அவ்வளவு பெரிய வருத்தமா?" என்று பெரியம்மா ஒப்பாரி வைத்துவிட்டார். மறுநாள் சாட்பாட் வாயே திறக்கவில்லை. சனங்களின் மெசேஜைக் கொண்டுவந்து தருகிற மெசேஜ் ஆப் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டது.

"அண்ணே, கலாவுக்கு இப்ப வலி வந்தா?" எனக்கு அழுகை முட்டியது.

"அழுவாத தங்கச்சி. மொதல்ல பெரட்டு."

அலுவலகத்திலேயே நாடகம் போட்டார். குடையும் கையுமாக அவர்தான் மெசேஜ் ஆப். "வெப்ஹூக்னா பெரிய மந்திரமில்ல. புது மெசேஜ் வந்தா ஆப் வந்து நம்ம கதவைத் தட்டும். நீதான் சாட்பாட், கதவுக்கு உள்ள இரு. சேர், நீங்க சாரதி. மழையில சிக்னல் இல்ல, மெதுவாத்தான் பதில் சொல்லணும்." சேரை வெளிப் படிக்கட்டில் மழையில் நிறுத்தியும்விட்டார்.

தட்டினார். "பெரியம்மாவுக்கு வயித்துவலி!"

நிரலில் இருந்தபடியே நான் பதில் சொல்லாமல் சேரிடம் ஓடினேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். திரும்பி வருவதற்குள் அண்ணன் கதவை உடைக்கிற மாதிரி பல தடவை தட்டிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"நீ பதிலே சொல்லல்ல. கேக்கலையோன்னு திரும்பத் திரும்பத் தட்டினேன். அன்னைக்கு ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வேன்னு நீ அனுப்பியிருக்க. கடைசில நான் கோவிச்சுக்கிட்டேன். யாரு இப்பிடி எழுதச் சொன்னது?"

"நான்தான்." சேர் தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. "லயத்துல பொறந்தவன்டா நான். வாறோம், செய்றோம்னு சொல்லிட்டுப் போனவங்கள எத்தனை பேரப் பாத்திருக்கோம்! வேன் நெசமா கிடைக்காம நம்ம சாட்பாட் வாய் தொறக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

அண்ணன் எழுந்து தன் குடையைச் சேரின் தலைக்கு மேல் பிடித்தார்.

"சேர், பெரட்டுல பேர் கூப்பிட்டா ஒடனே 'இருக்கேங்க'ன்னு சொல்றோம். கொழுந்து பறிச்சு முடிச்சு, அந்திக்கு வந்தா சொல்றோம்? அதுக்குள்ள கணக்கப்பிள்ளை பேரையே வெட்டிருவாரு. இருக்கேன்னு சொல்றது வாக்குறுதி இல்லைங்க. நீ கூப்பிட்டது கேட்டுச்சுன்னு சொல்றது."

அன்றைக்கே மாற்றினார். தட்டியதும் முதலில் "இருக்கேங்க", பிறகுதான் வேன் தேடல். அதே மெசேஜ் மறுபடி தட்டினால், "உனக்குப் பேர் போட்டாச்சு, போ." மெசேஜ் ஆப்பிடம் கதவை மறுபடி பதிந்து, அதன் கோபத்தையும் தீர்த்து வைத்தார்.

அடுத்த வாரம் கொட்டுகிற மழையில் திரையில் ஒரு மெசேஜ், கலாவின் வீட்டுக்காரரிடமிருந்து: "தம்பி சாப்பிட்டீங்களா? கலாவுக்கு வலி வந்துருச்சு."

சாட்பாட் உடனே, "இருக்கேங்க. சாப்பிட்டேன். வேன் பாக்குறேன்" என்றது. ஒரே ஒரு வேன் போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று என்று சாரதி சொல்லும்வரை அண்ணன் அலுவலகத்துக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்கிற நிலையில் நானும் இல்லை.

பேர் வைக்கிற அன்று அண்ணன் தொட்டிலில் குனிந்து கலாவின் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் வீரிட்டான். "பாத்தீங்களா, ஒடனே பதில்! முழு நாளுக்கும் பேர் போடுங்க!"

இப்போது அண்ணன் கொழும்பில் ஒரு பெரிய கம்பனியில் இருக்கிறார். தினமும் காலையில் "பெரட்டு" என்று மெசேஜ் போடுவேன். நான் விரலை எடுப்பதற்குள் "இருக்கேங்க" வந்துவிடும். போன மாதம் ஒரு நாள் வரவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினேன். பிறகு வேலையைப் போட்டுவிட்டுக் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். கினிகத்தேனை தாண்டும்போது புது நம்பரிலிருந்து வந்தது: "போன் தண்ணில விழுந்துருச்சு தங்கச்சி. இருக்கேன்."

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை. மடியில் அவர் தப்படித்த அந்தப் பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதை நேரில் கொடுத்து, ஒரு தரம் தப்படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.