பாப்பேக்கு இரண்டு நிமிடம்

அன்புள்ள தம்பி சிகுர்டுக்கு,

வெஸ்ட்ரே தீவிலிருந்து அண்ணன் எர்லெண்ட் எழுதுவது. இங்கே நான், மகள் இங்கா, ஆடுகள் எல்லோரும் சுகம். எதிர்த்தீவு பாப்பேயில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய். உன் வீட்டுப் புகைபோக்கி புகைவது என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிறது.

சனிக்கிழமை இங்காவுக்குக் கல்யாணம். நம் அக்கா கல்யாணத்தில் சபை முழுக்கக் கைமாற்றிக் குடிக்கும் மணப்பெண்ணின் மரக்குவளையில் காய்ச்சி ஊற்றிய பீரில் நீ மிளகை அள்ளிக் கொட்டினாய். முதல் வாய் குடித்த பாதிரியார் இருமி இருமி ஆசீர்வாதத்தையே மறந்தார். நான் சபையில் வைத்து உன்னைத் திட்டினேன். அன்றோடு நம் பேச்சு நின்றது. இப்போது இங்கா ஒரே பிடியாக நிற்கிறாள்.

"சித்தப்பா கலக்காத குவளையை நான் தொடவே மாட்டேன். நீங்களே நேர்ல போய்க் கூப்பிடுங்கப்பா. இல்லேன்னா கல்யாணத்துக்கு நீங்களும் வர வேணாம்."

தாயில்லாத பிள்ளை அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. உடனே விமானத்துக்குப் போனேன். நம் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர்கூடக் கிடையாது, பயணம் இரண்டே நிமிடம். சுற்றுலாக்காரர்கள் அதற்குச் சான்றிதழ் வேறு வாங்கிப்போகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நேரம் போதவே போதாது. உன்னிடம் சொல்ல வேண்டியதை வழியில் ஒத்திகை பார்க்கலாம் என்று கண்ணை மூடி, "சிகுர்ட், நடந்தது நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தேன், சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

விமானி ரோனா திரும்பிப் பார்த்தாள். "பாப்பே வந்தாச்சு மாமா. இறங்கலையா?"

"இன்னும் சொல்லி முடிக்கலம்மா."

"யார்கிட்ட?"

வேலிக்கு அப்பால் உன் வீடு தெரிந்தது. நான் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே அடுத்து விமானம் நிற்கும் கிர்க்வால் நகரம் வரை போய், அங்கே தங்கி, மறுநாள் படகேறி வாந்தியெடுத்துக்கொண்டே வீடு வந்தேன்.

மறுபடி விமானத்துக்குக் கிளம்பினேன். பாதி வழியில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் கண்டதையும் அவன்மேல் கொட்டும் கல்யாணக் கரிபூசல் சடங்குக்காக அவனைத் துரத்திக்கொண்டு வந்தார்கள். அந்தக் கோழை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். வெல்லப்பாகு, மாவு, கோழி இறகு எல்லாம் என் தலையில் விழுந்தன. "இந்தக் கோலத்துல ஏத்த மாட்டேன் மாமா, சீட்டுல ஒட்டிக்குவீங்க" என்றாள் ரோனா. காதில் இன்னும் பாகு இருக்கிறது.

ஆகவே இந்தக் கடிதத்தையே அழைப்பாக எடுத்துக்கொள். ஆனால் மிளகு விஷயத்தில் அன்று நான் சொன்னது சொன்னதுதான். மிளகில்லாமல் வருவதானால் வா.

உன் ஆடுகள் இரட்டைக் குட்டி ஈனட்டும். உன் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கட்டும்.

இப்படிக்கு,
எர்லெண்ட் ட்ரீவர்

பின்குறிப்பு: கடிதத்தைக் கொடுத்தனுப்ப விமான நிலையத்துக்கு வந்தேன். பாப்பேயிலிருந்து விமானம் வந்து நின்றது, யாரும் இறங்கவில்லை. ரோனா மட்டும் வந்து, "நீங்களே குடுங்க மாமா. உங்க தம்பி உள்ளதான் இருக்கார். நேத்தும் வந்தார், இறங்காமலே போயிட்டார்" என்கிறாள். இதை முழங்காலில் வைத்து எழுதுகிறேன், அவள் உன்னிடம் தருவாள். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. விமானம் திரும்பிக் கிளம்பினால் நீ படித்து முடிக்கும் முன் பாப்பே வந்துவிடும், அதனால் இங்கேயே இறங்கு. மடியில் மிளகுப் பொட்டலம் வைத்திருக்கிறாய், விமான ஜன்னல் வழியாகத் தெரிகிறது. அதையும் எடுத்துக்கொண்டு இறங்குடா.