கருமாளிகையைக் கழுவலாமா?

ஒரு காட்டில் ஒரு மாளிகை இருந்தது. காட்டுக்குள் மாளிகை எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விசாரணைக் குழு போட்டுவிடுவார்கள் என்று பயம். அந்தக் காலத்துச் சிங்க அரசர்கள் கட்டியது, சுவர் முழுக்க முன்னோர்களின் வீரச் சிற்பங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எந்தக் குட்டியும் ஒரு சிற்பத்தைக்கூடப் பார்த்ததில்லை. காட்டெருமைகள் வெல்லம் காய்ச்சிய புகை, காட்டைக் கிழித்துக்கொண்டு போன கரி ரயிலின் புகை, பின்னால் வந்த ஜெனரேட்டர் புகை எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் படிந்து, மாளிகை அடுப்படிச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. அதனால் அதற்குப் பெயரே கருமாளிகை. ஒருமுறை தபால்தலையில் அதன் படத்தைப் போட்டார்கள். மை கொட்டிவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்துக் காட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட காட்டுக்குச் சுகாதார அதிகாரியாக மாற்றலாகி வந்தாள் கோமளவல்லி என்ற நீர்நாய்.

கோமளவல்லி மீனைக் கழுவித்தான் தின்பாள். தின்றுவிட்டு வாயைக் கழுவுவாள். பிறகு தண்ணீர் எடுத்த சொம்பைக் கழுவுவாள். அவளுடைய கணவர் வெளியூர் ஆற்றில் வேலை பார்த்தார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. "எங்க வம்சத்துல ஒருத்தர் மேலயும் ஒரு பொட்டு அழுக்கு இருந்ததில்ல" என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

வேலையில் சேர்ந்த அன்று, ராஜாவைப் பார்க்க டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றபோது, கால் வலிக்கிறதே என்று மாளிகைத் தூணில் லேசாகச் சாய்ந்தாள். நிமிர்ந்தபோது அவளுடைய இடது தோள் காக்கைச் சிறகு மாதிரி இருந்தது. குளத்துக்கு ஓடினாள். தேய்த்தாள், முங்கினாள், மறுபடி தேய்த்தாள். கரையேறியபோது அவளுடைய மனம் தீர்மானத்துக்கு வந்திருந்தது.

"இந்த மாளிகையைக் கழுவணும்."

செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. மறுநாளே கரடி பூதலிங்கம் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அவர் கருமாளிகைப் பாதுகாப்புப் பேரவையின் தலைவர். அந்தப் பேரவையில் இருந்த மற்ற எல்லோரும் அவருடைய மச்சினர்கள்.

"ஏம்மா, அதை அழுக்குன்னு சொன்னியாமே? அது அழுக்கு இல்ல. அதோட வயசு. எங்கப்பா பார்த்த கறுப்பு, எங்க தாத்தா பார்த்த கறுப்பு."

"உங்க தாத்தாவுக்குத் தாத்தா பார்த்தது கறுப்பு இல்லையே அண்ணாச்சி. கரி ரயில் அப்புறந்தானே வந்துச்சு?"

பூதலிங்கம் கொஞ்சம் யோசித்தார். யோசனை அவருக்குப் பழக்கமில்லாததால் கோபம் வந்தது.

"கறுப்பு எங்க நிறம். நீ அதுக்கு வெள்ளையடிச்சா எங்க முகத்துல அடிச்ச மாதிரி."

"வெள்ளையடிக்கப் போறதில்ல. மேல ஒட்டினதை எடுக்கப் போறேன். உங்க வீட்டுல சட்டி அடிப்பிடிச்சா தேய்க்க மாட்டீங்களா?"

"சட்டி வேற, சரித்திரம் வேற!" என்று சொல்லிவிட்டுப் பூதலிங்கம் எழுந்து போனார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கோமளவல்லி கழுவினாள்.

காடு இரண்டாகப் பிரிந்தது. புலிகள், மான்கள், யானைகள் எல்லாம் கழுவு கட்சி. புலியும் மானும் ஒரே பக்கம் நின்று கோஷம் போட்டது அதுதான் முதல் தடவை. மான்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றன. கரடிகளும் காக்கைகளும் கழுவாதே கட்சி. நடுவில் ஒரு காட்டுப்பன்றி வந்து, மெஷின் வைத்து மணலைப் பீய்ச்சி ஒரே வாரத்தில் பளபளவென்று ஆக்கித் தருவதாகச் சொன்னது.

"கரியோட சேர்ந்து கல்லும் உதிர்ந்துடுமே" என்றாள் கோமளவல்லி.

"உள்ளே இன்னும் கல்லு இருக்கும்ல மேடம்?"

அதைத் துரத்திவிட்டு அவள் நேரே ராஜாவிடம் போனாள்.

ராஜா மூன்றாம் பிடரிவர்மன் நல்ல சிங்கம். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொல்வதுதான் அவருக்குச் சரியாகப் படும். அதனால் அவருடைய செயலாளர் ஏகாம்பரம் என்ற கொக்கு எப்போதும் கடைசியாகத்தான் பேசும்.

"ஒரே ஒரு சிற்பம் மகாராஜா" என்றாள் கோமளவல்லி. "வாசலுக்கு நேரே இருக்கிறதை மட்டும் கழுவிக் காட்டுறேன். களிமண்ணை மாவு மாதிரி குழைச்சுப் பத்து போட்டு, காயவிட்டு உரிச்சா, கரி மட்டும் அதோட வந்துடும். கல்லுல ஒரு கீறல் விழுந்தாக்கூட நான் வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிடறேன்."

"வாசல் சிற்பம் எதைப் பற்றியது?" என்று ராஜா கேட்டார்.

"தங்கள் கொள்ளுப்பாட்டனார் முதலாம் பிடரிவர்மர் தனியாளாக நின்று எதிரியை வென்ற காட்சி என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது" என்றது கொக்கு.

ராஜாவின் பிடரி தானாகச் சிலிர்த்தது. "கழுவுங்கள்! நாடே பார்க்கட்டும்!"

கோமளவல்லி சாரத்தில் ஏறினாள். பத்து போட்டாள், காயவைத்தாள், உரித்தாள். மிச்சமிருந்ததை மெல்லிய பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தாள். கறுப்புக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் கல் எட்டிப் பார்த்தது. இத்தனை காலம் இது உள்ளேயே மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறதே என்று நினைத்தாள். களிப்பில் அவள் கல்லைத்தான் பார்த்தாளே தவிர, அதில் என்ன செதுக்கியிருக்கிறது என்று பார்க்கவில்லை. திரையைக் கட்டிவிட்டு இறங்கினாள்.

திறப்பு விழாவுக்குக் காடே திரண்டது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ராஜா கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது.

அற்புதமான சிற்பம்தான். ஒரு மரம். மரத்தின் உச்சிக் கிளையில், நான்கு காலாலும் கிளையைக் கட்டிக்கொண்டு, வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு முதலாம் பிடரிவர்மர். கீழே கொம்பைத் தாழ்த்தி நிற்கும் ஒரு வெள்ளாடு. சிற்பி கைதேர்ந்தவர், அரசரின் கண்ணில் தேங்கிய நீரைக்கூட விடாமல் செதுக்கியிருந்தார்.

 கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அடி ஆத்தி! அது எங்க பூட்டி!"

ஆடுகள் துள்ளிக் குதித்தன. குடும்பம் குடும்பமாக முன்னால் வந்து சிற்பத்துக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்தன. கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ராஜா கொக்கைப் பார்த்தார்.

"மாமன்னர் மரத்தின் மேலிருந்து ஆட்டுக்கு ஆசி வழங்கும் காட்சி" என்று கொக்கு மைக்கில் அறிவித்தது.

"நாலு காலும் கிளையில இருக்கே, எந்தக் காலால ஆசி?" என்று ஓர் ஆடு கேட்டது.

விழா அத்தோடு முடிந்தது. ராஜா முன்னால் அவசரச் சபை கூடியது. கோமளவல்லி ஒரு மூலையில் உட்கார்ந்தாள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் மனத்துக்குள் ஒரு தைரியம். கல்லில் ஒரு கீறல்கூட இல்லை, காட்டில் பாதிப் பேர் தன் பக்கம்.

முதலில் பூதலிங்கம் எழுந்தார். அவர் முகத்தில் தேன் வழிந்தது போல ஒரு சிரிப்பு.

"நான் யோசிச்சுப் பார்த்தேன் மகாராஜா. உண்மையை மூடி வைக்கிறது பாவம். கழுவிடலாம். எல்லாத்தையும் கழுவிடலாம்!"

"நல்லது" என்றது கொக்கு. "அடுத்த சிற்பத்தில் ஏதோ உடம்பெல்லாம் மயிராக, குண்டாக ஓர் உருவம், குடத்துக்குள் தலை மாட்டிக்கொண்டு நிற்பது போல மேடாகத் தெரிகிறது. நாளையே அதை..."

பூதலிங்கத்தின் சிரிப்பு உறைந்தது. "எல்லாத்தையும்னா, எல்லாத்தையும் இல்ல" என்றபடி உட்கார்ந்தார்.

கழுவு கட்சித் தலைவரான புலி எழுந்தது. கோமளவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கழுவணும்கிறதுல எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்ல" என்றது புலி. "ஆனா எதைக் கழுவணும், எப்போ கழுவணும்கிறதை வருங்காலத் தலைமுறை முடிவு பண்ணட்டும். பின்சுவர்ல கோடு கோடா ஒண்ணு தெரியுது. அது என்னன்னு தெரிஞ்சு நமக்கு என்ன ஆகப்போகுது?"

யானை தும்பிக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டது. "கரி கல்லுக்கு நல்லதுன்னு எங்க டாக்டர் சொல்றாரு" என்றது. மான்கள் தலையசைத்தன, அவை புலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

"நேத்து வரைக்கும் கழுவு கழுவுன்னு கத்தினீங்களே!" என்று கோமளவல்லி எழுந்தாள். "உங்க முன்னோர் எப்படி இருந்தாங்களோ அப்படித்தானே இருக்காங்க? அதைப் பார்க்க என்ன பயம்? எல்லாரும் கோழைங்க!"

 ஓட்டெடுப்பில் ஆடுகளைத் தவிர அத்தனை பேரும் ஒரே பக்கம். தீர்மானம் இதுதான்: கரி நமது பாரம்பரியம்; கழுவிய இடத்தில் பழையபடி கரி பூச வேண்டும். பூச வேண்டிய பொறுப்பு கழுவியவருக்கே.

கோமளவல்லி வாளியில் கரிக் குழம்போடு மறுபடி சாரத்தில் ஏறினாள். தேன் நிறக் கல்லில் முதல் கறுப்புக் கோடு இழுத்தபோது அழுதேவிட்டாள். முதலாம் பிடரிவர்மரின் கண்ணீர்த் துளி கடைசியாக மறைந்தது. கீழே ஆடுகள் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கலைந்து போயின.

இறங்கும்போது மறுபக்கத்துச் சிற்பத்தில் கை பட்டது. கரியின் மேடு பள்ளத்தில் ஏதோ ஒரு வால். நீளமாக, அடியில் தடித்து, நுனியில் கூர்மையாக. அந்த வாலை அவளுக்குத் தெரியும். தினம் இரண்டு வேளை அதைத்தான் கழுவுகிறாள்.

 சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. இவ்வளவு பெரிய மாளிகையில் நம் வம்சத்துக்கும் ஓர் இடம்! கோழைகள் பார்க்க வேண்டாம், நான் பார்ப்பேன். சாரத்தில் மிச்சமிருந்த களிமண்ணை எடுத்துக் குழைத்து அப்பினாள். அது காயும்வரை நகத்தைக் கடித்தாள். நகத்தில் கரி இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. உரித்தாள்.

ஊர்க் குளம். குடத்தோடு தண்ணீர் எடுக்க வரிசையில் நிற்கும் மான்கள், முயல்கள், ஆடுகள். எல்லோருக்கும் முன்னால், படித்துறையில், குளத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, குடிக்கிற தண்ணீரில் செய்யக்கூடாததைச் செய்துகொண்டிருந்தது ஒரு நீர்நாய். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. முயல்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. சிற்பி இங்கேயும் எதையும் விடவில்லை.

கோமளவல்லி அசையாமல் நின்றாள். கீழே யாரோ வரும் சத்தம் கேட்டது.

"என்னம்மா, வேலை முடிஞ்சுதா?" பூதலிங்கத்தின் குரல்.

"இதோ அண்ணாச்சி, ஆச்சு!" என்றாள். வாளியிலிருந்து இரண்டு கையாலும் கரியை அள்ளி அள்ளிச் சாத்தினாள். ஒரு பூச்சு போதாது என்று இன்னொரு பூச்சு. அதன் மேல் இன்னொன்று.

பூதலிங்கம் அண்ணாந்து பார்த்தார். "அடேயப்பா, பழசைவிட நல்லாக் கறுப்பா இருக்கே! எப்படி மனசு மாறிச்சு?"

"நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. இது அழுக்கு இல்ல, வயசு" என்றாள் கோமளவல்லி.

அதன் பிறகு எங்கே கரி உதிர்ந்தாலும் அவள்தான் முதலில் ஓடினாள். மழைக்காலம் முடிந்ததும் மாளிகை முழுவதற்கும் பூச்சு. ராஜா அவளைத் தலைமைக் கரிப் பாதுகாவலராக உயர்த்தினார். ஆடுகள் மட்டும் அந்தப் பக்கம் போகும்போது தங்கள் குட்டிகளுக்கு ஓர் இடத்தைக் காட்டிவிட்டுப் போகும்.

ஒருநாள் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு மயில் தூது வந்தது. அந்தக் காட்டு மாளிகை வெள்ளைக் கல்லில் பளிச்சென்று இருக்கும். வருஷம் தவறாமல் கழுவுவார்கள். பார்க்க உலகமே வரும்.

"உங்களுக்கென்னப்பா, அழகான மாளிகை" என்றாள் கோமளவல்லி.

மயில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "அழகுதான் மேடம். ஆனா சுவர்ல இருக்கிற எல்லாமே தெளிவாத் தெரியுது. எங்க ராஜாவால வெளியே தலைகாட்ட முடியல. நீங்க ஒரு வாளியோட கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?"

கோமளவல்லி அன்று மாலையே கிளம்பினாள்.

*

நீதி: பழைய கட்டடங்களைத் தாராளமாகக் கழுவலாம், நம் தாத்தா எந்தச் சுவரில் இருக்கிறார் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.