ஞாயிற்றுக்கிழமை நாலு மணி

'அந்த நேரம் ஏற்கெனவே வேறொரு சந்திப்புக்கு ஒதுக்கப்பட்டுள்ளது' என்று மகளின் மெயில் மூன்றாவது முறையாகத் தானாகவே கையை விரித்தது.

ஓய்வுபெற்ற சர்வேயர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவரோடு பேசுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான், அதுவும் முனகும். வெளியூரில் பெரிய வேலையில் இருக்கும் மகளை போனில் பிடித்தால், "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, மெயில்ல காலண்டரைப் பாருங்க" என்று வைத்துவிடுவாள். பல் டாக்டரிடம் வாங்குவதுபோல் மகளிடமும் நேரம் வாங்கவேண்டும் போலிருக்கிறது என்று புரிந்துகொண்டார். அவளுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. மாலை நாலு மணி என்று காலண்டரில் அழைப்பு போட்டார், மறுப்பு. அடுத்த ஞாயிறு, மறுப்பு. அதற்கடுத்ததும் அதே கதைதான்.

'வாரந்தோறும்' என்றொரு கட்டம் கண்ணில் பட்டது. ஏதாவது ஒரு வாரமாவது சிக்காதா? தட்டினார். ஒரே நிமிஷத்தில் ஐம்பத்திரண்டு மறுப்புகள் பொத்துப்பொத்தென்று வந்து விழுந்தன.

பதறிப்போய் ரத்துசெய்யப் பார்த்தார். கை தவறி 'அனைவருக்கும் அனுப்பு' அமுங்கிவிட்டது. 'உன்னோடு பேசணும்' என்ற அழைப்பு முகவரிப் பட்டியல் முழுக்கப் பறந்தது.

முதல் போன் பல் டாக்டர்.

"என்ன சார், வாராவாரமா? அவ்வளவு பல்லா இருக்கு உங்களுக்கு?"

அடுத்து, தண்ணீர்க் கேன் போடுகிறவர்.

"கேன்ல ஏதாச்சும் குறையாண்ணே?"

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு." வைக்க மனசில்லாமல், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று இழுத்தார். கேன்காரருக்கு டெலிவரி இருந்தது. வைத்துவிட்டார்.

கடைசியில் மெயில் உதவி மையத்தைக் கூப்பிட்டார். எடுத்த பெண், இவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இவருடைய திரையைத் தன் பக்கம் திறந்து பார்த்தாள்.

"இதுல எரர் எதுவும் இல்லீங்க ஐயா. அவங்க அந்த நேரத்தை நெசமாவே யாருக்கோ குடுத்திருக்காங்க."

"வருஷம் பூராவுமா?"

"அப்படித்தான் தெரியுதுங்க."

"பெத்தவனுக்கு அஞ்சு நிமிஷம் இல்ல. யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

மறுமுனையில் மவுஸ் சத்தம் 'டக் டக்' என்று கேட்டது.

"ஐயா, குப்பை மெயில் போற ஸ்பேம்ல உங்க பொண்ணு அனுப்பின அழைப்பு ஒண்ணு பிரிக்காமயே கெடக்கு. 'அப்பாவோட பேசணும்', வாராவாரம் ஞாயித்துக்கிழமை நாலு மணி. அந்தப் புண்ணியவான் நீங்கதான்."