இரவல் நெஞ்சுவலி

நான் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் அன்புக் கொழுந்தனாருக்கு, அண்ணி நலம் கேட்டு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், உன் அண்ணனைத் தவிர. பதறாதே. ஆள் என் எதிரில்தான் உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பாம். வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைக்கப்போகிறார்கள்.

நீ போனில் கேட்டது வேறு விஷயம் என்று தெரியும். உங்கள் முதலாளி வேலைக்காரர்களுக்கு டாக்டர் ஏற்பாடு செய்யப்போகிறார், ஒவ்வொரு தடவை போவதற்கும் காசு கொடுப்பதா, தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டிவிடுவதா, உங்க லாண்டரியில ரெண்டையும் பார்த்தவங்களாச்சே அண்ணி என்று கேட்டாய். நானும் பள்ளிக்கூடமும் ஐந்தாம் வகுப்போடு பிரிந்து அவரவர் நிம்மதியாக இருக்கிறோம். என்னிடம் போய் யோசனை கேட்கிறாயே, உன் படிப்பை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உன் கேள்வியும் உன் அண்ணனின் நெஞ்சும் ஒரே கதைதான்.

முன்பிருந்த டாக்டருக்கு, நாங்கள் ஒரு தடவை போனால் கம்பெனி ஒரு தடவை காசு கொடுக்கும். தங்கமான மனுஷர், யாரையும் குணமாக்கி வாடிக்கையைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். நீட்டிய நாக்கை நான் உள்ளே இழுப்பதற்குள் அடுத்த ஆள் நீட்டியிருப்பான். "வியாழக்கிழமை வாங்க" என்பார். எதற்கு என்று கேட்டால் அதையும் வியாழக்கிழமைதான் சொல்வார். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நாள் முழுக்க இஸ்திரி மெஷின் ஆவியில் வேகிறவளுக்கு அங்கே ஏசி இருந்தது, போதாதா?

இந்த வருஷம் முறையை மாற்றினார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டரம்மா. எங்களுக்கும் வீட்டு ஆட்களுக்கும் சேர்த்துக் கம்பெனி மாதாமாதம் கட்டிவிடும், போனாலும் அதே காசு, போகாவிட்டாலும் அதே காசு. யாரும் பெரிய ஆஸ்பத்திரி வரை போகாமல் பார்த்துக்கொண்டால் வருஷக் கடைசியில் அவருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்குமாம். எங்கள் பாய்லர் ஆபரேட்டர், வாய் மூடாதவர் என்பதால் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர், சாப்பாட்டு நேரத்தில் இதை ஒலிபரப்பினார்.

"போகாட்டியும் காசு போகுதா?"

"ஆமாக்கா."

"அப்ப போகாம இருந்தா நமக்குத்தானே நஷ்டம்!"

இதைச் சொன்ன மேதாவி வேறு யார், உன் அண்ணிதான். மறுநாளே முறை வைத்தேன்: திங்கள் இஸ்திரிக்காரர்கள், செவ்வாய் மடிக்கிறவர்கள், புதன் வண்டி ஏற்றுகிறவர்கள், வியாதி இருக்கிறவர்கள் ஓய்ந்த நேரத்தில் போய்க்கொள்ளலாம். வாசலில் கூட்டத்தைப் பார்த்த டாக்டரம்மா, லாண்டரியில் ஏதோ தொற்றுநோய் என்று எங்கள் மேனேஜருக்கே போன் போட்டுவிட்டார், பாவம்.

அவருக்கு அவசரம் என்பதே கிடையாது தம்பி. எப்போது தூங்குகிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், வீட்டில் யார் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் வீட்டில்கூட என்னைப் பற்றி இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் உன் அண்ணன் தப்பித்திருப்பார். முட்டிவலி என்று போனால் மாத்திரைகூடத் தராமல், நான் நிற்கிற இடத்தில் ரப்பர் பாய் போடச் சொல்லிக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார், வலி போய்விட்டது. எத்தனை வருஷமாக வளர்த்த வியாதி! முதுகும் அப்படியே போனது, கண் எரிச்சலும் போனது. வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்ததால் வீட்டிலிருந்து ஒன்றை இரவல் எடுத்துப் போனேன். உன் அண்ணன் மாடி ஏறும்போது பாதியில் நின்று நெஞ்சைத் தடவிக்கொள்வார், இடது கை மரத்துப்போகிறது என்பார். பையைத் தூக்காமலிருக்க நாடகம் என்று நான் அவரைக் கேலி செய்வேன். அதை அப்படியே என்னுடையதாகச் சொல்லி, நடித்தும் காட்டினேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேலெல்லாம் ஒயரை ஒட்டி ஈசிஜி எடுத்துப் பார்த்தார்.

"உங்க நெஞ்சு உங்க வாய் மாதிரியே நல்லா ஓடுதுக்கா. ஆனா நீங்க சொன்னது கற்பனை இல்ல. யாருக்கு இப்படி இருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. அது சோம்பேறித்தனம்மா."

பேனாவைக் கீழே வைத்தார். "இப்பவே கூட்டிட்டு வாங்க."

"டாக்டர்னு போர்டு பார்த்தா தெருவையே மாத்திப் போற ஆளு."

"அப்ப நான் வர்றேன்."

வந்துவிட்டார் தம்பி, என் பின்னாலேயே! கதவைத் திறந்த உன் அண்ணன், டாக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இவளுக்கு ஒண்ணும் இல்லம்மா, இவ எப்பவுமே இப்படித்தான்" என்றார். அப்புறம்தான் ஸ்கேன், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம். அங்கிருந்த டாக்டர், "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எங்களால் வருஷக் கடைசியில் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது போச்சே என்று டாக்டரம்மாவிடம் வருத்தப்பட்டேன். "ஆம்புலன்ஸ்ல போறதுக்கும் நடந்து போறதுக்கும் வித்தியாசம் இருக்குக்கா. அதைக் கணக்குல எடுக்கச் சொல்லிக் கம்பெனியோட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். உன் முதலாளியிடம் அதையும் சேர்த்துச் சொல். மாதாமாதம் கட்டட்டும், ஆனால் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற டாக்டரின் வயிற்றில் அடிக்க வேண்டாம். உங்கள் கம்பெனியிலும் என்னைப் போல ஒரு மேதாவி இருப்பாள், முதலில் அவளை உட்காரவைத்து விளக்கிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு நீ அலைந்துகொண்டு வர வேண்டாம். எனக்கு ஒரு பயமும் இல்லை, உன் அண்ணனுக்கு அதைவிட இல்லை. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உனக்குப் பாதி ஆசீர்வாதம், மீதி உன் நடத்தையைப் பார்த்து.

இப்படிக்கு,
உன்னைக் கேலி செய்யும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத
அண்ணி

பின்குறிப்பு: அவர் குளிக்கப் போயிருக்கிறார், அதனால் அவசரமாக எழுதுகிறேன். மேலே பயமில்லை என்று எழுதியது அவர் படிப்பதற்காக. வெள்ளிக்கு முன்னாலேயே வந்துவிடு தம்பி. அவர் முன்னால் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. நீ வந்து கொஞ்ச நேரம் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிரு, நான் டாக்டரம்மா அறையில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்துவிடுகிறேன். கேட்டுப் பார்த்தேன், அதற்கும் தனியாகக் காசு கிடையாதாம்.